பெயரில் எத்தனை எழுத்து

றம்லாவின் மண்டைக்குள் ஒரு கேள்வி புகுந்துவிட்டால் சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். உயர்தர வகுப்பில் ஐ.சி.டி. என்ற கம்பியூட்டர் பாடம் எடுத்ததும் அந்தக் குணத்தால்தான். ஆனால் வகுப்பில் கம்பியூட்டர் குறைவு, பிள்ளைகள் அதிகம்; சிலரைக் குறைக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை உங்கட புரோகிராம் சரியா ஓட வேணும். ஓடாட்டி புவியியலுக்கு மாறுங்கோ," என்று சஞ்சீவன் சேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புவியியலாம்! கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் இடிபட்டுத் திருகோணமலைக்கு வருவது ஆற்றையும் மலையையும் பாடமாக்கவா?

அவளுக்குக் கிடைத்த வேலை இதுதான்: தமிழ்ச் சொல் ஒன்றைக் கொடுத்தால் அதில் எத்தனை எழுத்து என்று கம்பியூட்டர் சொல்ல வேண்டும். இதென்ன பெரிய காரியம் என்று தன் பெயரைத் தட்டினாள். மூன்றெழுத்துப் பெயருக்கு ஐந்து என்றது அது.

"இதென்ன புதினம்!"

ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டச் சொன்னாள். ம் என்ற எழுத்தின் புள்ளி தனியே நின்றது, லாவின் கால் தனியே நின்றது. ஆசை விடவில்லை, 'வேலை' என்று தட்டினாள். கையால் எழுதும்போது முந்திக்கொண்டு வரும் கொம்பு, இங்கே வகரத்துக்குப் பின்னால் நின்றது. வாய் சொல்லும் ஒழுங்கில் அல்லவா வைத்திருக்கிறது! அவளுக்குப் புல்லரித்துவிட்டது. அதையே நினைத்துக்கொண்டிருந்து, அன்று பஸ்ஸில் இறங்கும் இடத்தையும் கோட்டைவிட்டாள்.

வழி பிடிபட்டது. முதலாம் ஆண்டு வகுப்பில் பாடமாக்கிய உயிரையும் மெய்யையும் ஆய்தத்தையும் வரிசையாகக் கொடுத்து, அவற்றை மட்டும் எண்ணச் சொன்னாள். புள்ளியும் காலும் கொம்பும் வெளியே போயின.

வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்க்கத் தமிழ் டீச்சர் ஜெயரூபியும் வந்தார். கப்பல், துறைமுகம், வெருகல் என்று அவர் சொன்னதெல்லாம் சரியாக வந்தது. அப்போதுதான் பக்கத்துக் கதிரையில் இருந்த ஷிஹாஸ், "என்ட பேரையும் போடு பாப்பம்," என்றான்.

பூச்சியம் என்றது கம்பியூட்டர்.

"அப்ப எனக்கு எழுத்தே இல்லியா?" வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"என்ன சிரிப்பு?" என்று அதட்டினார் டீச்சர். "ஷ, ஹ, ஸ எல்லாம் வடமொழிக்காக வந்த எழுத்து. தமிழ்க் கணக்கில சேராது. புரோகிராம் சரி."

சேர் பேனையைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் றம்லாவின் இடம் தப்பிவிடும். ஆனால் பக்கத்தில் இருப்பவன் பெயருக்கு எழுத்தில்லை என்பது என்ன கணக்கு?

"இல்ல டீச்சர், இது பிழை. அந்த எழுத்துகளச் சேர்க்க நான் மறந்துட்டன்." சொல்லிக்கொண்டே 'ஜெயரூபி' என்று தட்டினாள். மூன்று என்று வந்தது. "பாருங்க, உங்கட நாலெழுத்துப் பேரிட தலையையும் வெட்டிட்டுது."

டீச்சர் கண்ணாடியைத் தூக்கித் திரையை உற்றுப் பார்த்தார்.

"அப்ப புரோகிராம் பிழை?" என்றார் சேர்.

"ஓம் சேர்." புத்தகப் பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"எங்க போறீங்க? பிழைய ஒளிக்காத ஆள்தான் எனக்கு இந்த வகுப்பில வேணும். இருந்து திருத்துங்கோ."

றம்லா பொத்தென்று கதிரையில் விழுந்தாள். ஷிஹாஸ், "ஷ-வைப் போடு, ஷ-வைப் போடு," என்று பறந்தான்.

"பொறும் தம்பி," என்றார் டீச்சர். "முதல்ல ஜ-வைப் போடட்டும்."