காலியான படுக்கைகள்

மருத்துவமனை நிதி நிர்வாகத்தில் முதுகலைப் படிப்பை முடிக்க அவளுக்கு ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஆய்வறிக்கையை நான்கு மணிக்குள் கல்லூரியில் தராவிட்டால் ஒரு வருடம் போய்விடும். கையெழுத்துப் போட வேண்டியவள் அவளுடைய அக்கா, அவள் ஆய்வு செய்த எட்டாம் வார்டின் தலைமை நர்ஸ்.

"உன் வார்டுதான்க்கா முதலிடம். சராசரியா மூணே நாள்ல படுக்கை காலியாகுது, மத்த வார்டுல ஏழு நாள். அதனால இங்கேருந்து ரெண்டு நர்ஸை அங்க மாத்தலாம்னு எழுதியிருக்கேன். நீ கையெழுத்துப் போட்டா நிர்வாகம் உடனே செஞ்சிடும்."

அக்கா அறிக்கையைப் புரட்டினாள். "பெரிய படிப்புக்காரி, காலி பண்ணவங்க எங்க போனாங்கன்னு பாத்தியாடி?"

"வீட்டுக்குத்தானே?"

அக்கா வார்டுப் பதிவேட்டைத் திறந்து வைத்தாள். ஒவ்வொருவரும் படுக்கையைக் காலி செய்த தேதிக்குப் பக்கத்தில், தங்கை கணினியில் ஏற்றாமல் விட்ட ஒரு கட்டம் இருந்தது. பாதிப் பேருக்கு மேல் அதில் 'இறப்பு' என்றே எழுதியிருந்தது.

"நோய் முத்துனப்புறம்தான் இங்க தூக்கிட்டு வர்றாங்க. இருக்கிற ஆளே பத்தல." அக்கா பேனா மூடியைக் கழற்றினாள். "மணி மூணாச்சு. போடவா, வேண்டாமா? நீயே சொல்லு."

தங்கை அறிக்கையை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதிவேட்டின் முதல் பக்கத்திலிருந்து அந்தக் கட்டத்தை எழுதிக்கொள்ளத் தொடங்கினாள்.