வெட்டுவாய்

அண்ணி கைப்பேசியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு அன்று விடுமுறை. பஸ் ஓட்டுகிறவளுக்குச் சும்மா உட்கார வருமா? கொடுத்துவிட்டு வரலாம் என்று அவருடைய ஆய்வகத்துக்குப் போனேன்.

உள்ளே எல்லார் முகமும் தொங்கிக்கிடந்தது. சோதனைக்கு ரத்தம் தருவதாக ஒத்துக்கொண்டவர், பல்வலிக்கு மாத்திரை போட்டுவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போயிருந்தார்.

"ஒரு மாத்திரைக்கா அண்ணி இவ்வளவு சோகம்?"

"அது ரத்தத்தைச் சரியா உறைய விடாது. அதுல சோதிச்சா மட்டமான குழாய்கூட நல்ல குழாயாத்தான் தெரியும்."

மேசைமேல் அந்தக் குழாய் கிடந்தது. பென்சில் கனம்கூட இல்லை. இதயக் கோளாறோடு பிறக்கிற குழந்தைகளுக்கு, நுரையீரலுக்கு ரத்தம் போக வழி செய்து கொடுக்கிற குழாய். ஆனால் வெளிப்பொருளைக் கண்டால் ரத்தம் சும்மா விடாது. அதன்மேல் ஒட்டும், உறையும், கடைசியில் வழியையே அடைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் அண்ணி உள்பக்கம் ஒரு பூச்சு பூசியிருந்தார். அது தண்ணீரை இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொள்ளுமாம். ரத்தத்தின் கண்ணுக்குக் குழாய் தெரியாது, தண்ணீர்தான் தெரியும். இதற்கு முன் செய்த பூச்சுகள் ஒவ்வொன்றும் காலை வாரிவிட்டிருந்தன.

"நான் மாத்திரை எதுவும் போடலையே," என்றேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊசின்னா ஓடுவியே நீ."

"ரெண்டு லாரிக்கு நடுவுல பஸ்ஸைத் திருப்புறவ நான். எடுக்கச் சொல்லுங்க."

நர்ஸ் கேள்விமேல் கேள்வி கேட்டுக் கையெழுத்து வாங்கினார். ஊசி ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன் என்பதை அண்ணனிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

பூச்சு உள்ள துண்டு ஒன்று, இல்லாத துண்டு ஒன்று. இரண்டையும் வளையமாக மூட்டி, என் ரத்தத்தை விட்டு, உடம்புச் சூட்டில் இருந்த பெட்டிக்குள் சுழலும் சக்கரத்தில் மாட்டினார்கள். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"அண்ணி, ஒண்ணுல ரத்தம் ஓடாம நின்னுடுச்சு."

"அது பூச்சு இல்லாதது. நிக்கத்தான் செய்யும். மத்ததைப் பாரு."

மற்றது ஓடிக்கொண்டிருந்தது. என் ரத்தம்தான் அது. எனக்குப் புல்லரித்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் திணறி நின்றது.

அண்ணி வளையத்தைக் கழற்றி, நீளவாக்கில் கீறி, கழுவி, லென்ஸுக்குக் கீழே வைத்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"இங்க வாயேன்." குரலே மாறியிருந்தது. "உள்சுவரைப் பாரு. பொட்டுகூட இல்ல. கட்டி எங்க இருக்கு?"

இரண்டு முனைகளும் சேருகிற மூட்டில் மட்டும் கருஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"பூசின பிறகு வெட்டினோம். வெட்டுவாயில பூச்சே கிடையாது, ரத்தம் அங்க போய்ப் பிடிச்சிருக்கு. வெட்டிட்டுப் பூசின துண்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. ஆனா புது ரத்தம் வேணும்..." பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு," என்று சட்டைக் கையைச் சுருட்டினேன். நர்ஸ் நாடி பார்த்து, பழச்சாறு குடிக்கவைத்து, எடுத்தது கொஞ்சம்தான், பரவாயில்லை என்றார்.

மறுபடி சக்கரம் சுழன்றது. பூச்சில்லாதது நின்றது. முன்பு பூச்சுள்ள துண்டு திணறிய நேரம் வந்தது, போனது. ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோதனை நேரம் முழுவதும் ஓடித் தீர்ந்த பிறகு குழாயைக் கீறிக் கழுவினார் அண்ணி. அலம்பிவைத்த பீங்கான் மாதிரி இருந்தது. மூட்டிலும் ஒன்றுமில்லை. கையுறையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நாற்காலியை விட்டு லேசில் எழாத அவருடைய மேலதிகாரி ஓட்டமும் நடையுமாக வந்து லென்ஸில் குனிந்தார்.

"இன்னும் பல பேர் ரத்தத்துல இதே மாதிரி வரணும்மா. ஒருத்தர் போதாது," என்றார். ஆனால் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"வரும் சார். நான் போய் அடுத்த துண்டுகளை வெட்டுறேன், வெட்டிட்டுத்தான் பூசுவேன்," என்றபடி அண்ணி பூச்சறைக்கு ஓடினார். நான் இரண்டு முழங்கையிலும் பஞ்சை வைத்துக்கொண்டு, கையை மடக்கவும் முடியாமல், சிரிப்பை அடக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.