எட்டுக் கோப்புக் கண்ணி

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் புதைத்து வைத்தால்தான் அழகு. ஒயரைச் சுவருக்குள் புதைக்கிறார்கள், குழாயைத் தரைக்குள் புதைக்கிறார்கள். இப்போது கயிற்றையே கயிற்றுக்குள் புதைக்கிறார்கள். கேட்டால், "உள்ள எல்லாம் சரியா இருக்கு" என்று ஒரு பதில். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் எவன்?

இப்படிப் புலம்பிக்கொண்டேதான் பெரியவர் தொங்குபலகையில் உட்கார்ந்தார். படகின் பாய்மரத்து உச்சிக் கப்பி கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட வேண்டும்.

"நான் ஏறுறேன் மாமா," என்றான் மாப்பிள்ளை.

"நீங்க வின்ச்சைச் சுத்துங்க மாப்பிள்ளை. அது போதும்."

மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். நம்பிக்கைதான் வைக்க மாட்டார்.

அந்தப் படகின் உச்சிக்கு இரண்டு கயிறுகள் போயின. ஒன்று பெரியவர் வேலை: முப்புரிக் கயிறு. இரும்பு முள்ளால் புரிகளை விலக்கி, நுனியைத் திருப்பிக் கோத்து, கண்ணி போட்டது. மற்றது மாப்பிள்ளை வேலை: பின்னல் கயிறு. நீளமான குழாய் ஊசியில் நுனியைச் செருகி, கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே இழுத்துவிட்டது. எலியை விழுங்கிச் செரித்த பாம்பு மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்தவன் போட்ட கண்ணியில் தொங்குவதில்லை என்பது பெரியவரின் சட்டம். இத்தனை வயதுக்கும் அதை அவர் மீறியதில்லை. இன்றும் பலகையின் கொக்கியைத் தன் கண்ணியில்தான் மாட்டியிருந்தார்.

ஐந்து முறை கோத்தால், அதாவது ஐந்து கோப்பு போட்டால், கண்ணி நிற்கும். பெரியவர் எட்டு போடுவார். கடைசிக் கோப்புகளில் புரியைச் சீவி மெலிக்க வேண்டும் என்பார்கள். அதையும் செய்ய மாட்டார். ஆள்மேல் நம்பிக்கை குறையக் குறைய அவர் கண்ணி பருத்துக்கொண்டே வந்தது.

"இன்னும் ஏத்துங்க! இன்னும் கொஞ்சம்!"

மாப்பிள்ளை வின்ச் உருளையைச் சுற்றினான்; கயிறு அதில் சுருளச் சுருளப் பலகை ஏறியது. கண்ணியின் பருத்த கழுத்து கப்பிச் சக்கரத்துக்குள் நுழைந்தது. கறக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

எண்ணெய் விட்டு முடித்து, "இறக்குங்க" என்றார். வின்ச் கயிற்றை விட்டது. கீழே கயிறு தொளதொளத்தது. பெரியவர் மட்டும் இறங்கவில்லை. அவர் எடையாலும் அந்தக் கழுத்தை வெளியே இழுக்க முடியவில்லை.

முள்ளை எடுத்துக் குத்தினார், நெம்பினார். அசையவில்லை. இடுப்பில் கத்தி இருந்தது. அறுத்தால் கயிற்றோடு அவரும் போக வேண்டியதுதான். பாய்மரமோ வழவழ அலுமினியம், பிடித்து இறங்க வழியில்லை. பலகையின் தொடைப்பட்டை இறுக்கி இரண்டு காலும் மரத்துவிட்டன. நாலு பக்கமும் வெட்டவெளி, ஆனால் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது போல மூச்சு முட்டியது. ஆப்பசைத்த குரங்கின் கதை ஞாபகம் வந்தது. அந்தக் குரங்காவது அடுத்தவன் அடித்த ஆப்பில் மாட்டியது.

கீழே பாய் தைத்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். "என்னப்பா, அங்கேயே குடித்தனமா? சோறு அனுப்பவா?"

"வாயை மூடு. ஏணி கொண்டா."

"அந்த உயரத்துக்கு ஏணி எங்கப்பா இருக்கு?"

மாப்பிள்ளை தன் பின்னல் கயிற்றை இழுத்தான். அவனுடைய கண்ணி மரத்தை ஒட்டி ஏறி வந்து, பெரியவரின் மூக்குக்கு நேரே நின்றது. விரல் கனம்கூட இல்லை.

"உள்ள எவ்வளவு போயிருக்கு?"

"ஒரு முழத்துக்கு மேல மாமா."

"உருவி வராம இருக்கத் தையல்?"

"கழுத்துல நூல் தெரியும் பாருங்க."

தெரிந்தது. நெருக்கமாக, ஒழுங்காகத்தான் இருந்தது. நகத்தால் கீறினார். பல்லால் கடித்து இழுத்தார். பிறகு வேறு வழியில்லாமல் அதன் கொக்கியைப் பலகை வளையத்தில் மாட்டினார். வின்ச் இறுகியது. பாரம் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. அவருடைய சொந்தக் கண்ணி தளர்ந்து நின்றது.

"இப்ப உங்க கொக்கியைக் கழட்டுங்க மாமா."

"கழட்டலைன்னா?"

"ரெண்டும் சேந்து உங்களைப் பிடிச்சு வைக்கும். இறங்க முடியாது."

கை கொக்கியிலேயே இருந்தது. அவன் பேச்சில் பொய் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பொய்யே பேசாதவன் போட்ட கண்ணியும் அவிழும் என்பதும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கழட்டினார்.

மரம் ஒருமுறை முனகியது. கயிறு முனகவில்லை. பாரம் ஏறினால் கயிறு ஒரு சத்தமாவது போட வேண்டாமா? இறங்கும் வழி முழுக்க அந்தச் சந்தேகம்தான்.

பலகையிலிருந்து மகள் அவரைத் தூக்கி நிறுத்தினாள். "இப்பவாவது ஒத்துக்கோயேன்ப்பா. அவர் கயிறுதானே உன்னை இறக்குச்சு?"

"ஒரு தடவைதானே? ஒரு தடவைக்குத் தையல் நூல்கூடத் தாங்கும்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு உச்சியைக் காட்டினான். "உங்க கயிறு அங்கேயே நிக்குது மாமா."

"நிக்குதுல்ல? விடலைல்ல? அதுக்குப் பேருதான் கண்ணி."

மரத்த காலைத் தேய்த்துக்கொண்டு, இரும்பு முள்ளை இடுப்பில் செருகி, பெரியவர் பட்டறைப் பக்கம் நொண்டி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.