உச்சந்தலையில் எழுந்த சுடர்

கண் மருத்துவமனையில் அம்மாவின் கண்ணில் நர்ஸ் சொட்டு மருந்தை விட்டுவிட்டு நகர்ந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் மகளின் கைபேசி அடித்தது. அழைத்தவர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு எதிர் மேசைக்காரர். எதைச் சொன்னாலும் ‘ஆனாலும்’ என்று ஆரம்பிப்பதால் அங்கே அவருக்கு ‘ஆனாலும்’ என்றே பெயர். இன்றைக்கு என்னவோ அந்தச் சொல்லை மறந்தே போயிருந்தார்.

“மேடம், உங்க குள்ளன் வெடிச்சுட்டான்!”

அம்மா தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் பேச்சைக் கேட்காத மாதிரி கேட்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். மூடிய கண்ணைத் திறக்காமலே, “யாருடி குள்ளன்? ஸ்பீக்கர்ல போடு” என்றாள்.

குள்ளன் ஒரு நட்சத்திரம். சூரியனைவிடச் சின்னவன், மங்கலானவன், சிவந்தவன். ஆனால் ஆட்டம் மட்டும் பெரிது. சூரியன் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றக் கிட்டத்தட்ட ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். இவன் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவான். அந்த வேகத்தில் காந்தப்புலம் முறுக்கேறி முறுக்கேறி, எங்காவது ஓரிடத்தில் படீரென்று விடுபடும். அப்போது ஒளி பீறிட்டு எழும். பழைய பதிவு ஒன்றில் அப்படி எழுந்த ஒளி மங்கி, மறுபடி எழும்பியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். ஒரே வெடிப்புதான், நட்சத்திரம் சுற்றியதில் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்பது அவள் கட்சி. தனித்தனியாக இரண்டு வெடிப்பு என்பது அவர் கட்சி. வாரக்கணக்கில் தேநீர் ஆற ஆற நடந்த வழக்கு அது.

உலகின் மறுபக்கத்தில், இங்கே பகலென்றால் அங்கே இரவாக இருக்கும் ஒரு மலையுச்சித் தொலைநோக்கியில் இருவரும் நேரம் வாங்கியிருந்தார்கள். முதலில் அவளுடைய குள்ளன், அடுத்து அவருடைய நட்சத்திரம். மருத்துவரும் அதே நாளைத்தான் கொடுத்தார். அவள் அம்மாவோடு இங்கே வந்துவிட, திரைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப இறங்க ஆரம்பிச்சிருக்கு” என்றார்.

“ஒண்ணா ரெண்டான்னு எப்படிடி தெரியும்?” என்றாள் அம்மா.

“புது வெடிப்புன்னா வெடுக்குன்னு ஏறும்மா. பழசே சுத்தி வருதுன்னா மெதுவா ஏறும், ஓரத்துல இருந்து எட்டிப் பார்க்கற மாதிரி.”

ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த பக்கத்து இருக்கைக்காரர் வாராந்தரியை மடித்து வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். வரிசை நத்தையாக நகர்ந்தது. அம்மாவுக்கு இன்னொரு முறை மருந்து விட்டார்கள். ஒளி இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒளி திரும்பி எழ வேண்டிய வேளைக்கு முன்பே அவளுடைய நேரம் முடிந்து அவருடைய நேரம் தொடங்கிவிடும். அம்மாவின் காதில் அதைச் சொன்னாள்.

“அவர் நேரத்துல கொஞ்சம் கேளேன்” என்று அம்மா கிசுகிசுத்தாள்.

“எந்த முகத்தை வெச்சுக்கிட்டும்மா கேக்கறது? இந்த ஒரு நாளுக்காக மனுஷன் எத்தனை மாசமா தவம் கிடக்கறார்!”

கிசுகிசுப்பும் ஸ்பீக்கரில் போய்ச் சேர்ந்துவிட்டது. எதிர்முனையில் தொண்டையைச் செருமும் சத்தம். “தொலைநோக்கியைத் திருப்ப வேணாம்னு சொல்லிட்டேன் மேடம்.”

“சார்! உங்க நட்சத்திரம்?”

“அது எங்கே ஓடிடப் போகுது? இதைப் பாதியில விட்டா எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும், நான் சொன்ன மாதிரி வெடுக்குன்னுதான் ஏறப்போகுது, பாருங்க.”

அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அதற்குள் மருத்துவர் கூப்பிட்டுவிட்டார். இருட்டறைக்குள் சிக்னல் இல்லாமல் கைபேசிக்கு உயிரில்லை. மருத்துவர் சொன்னதில் பாதி அவள் காதில் ஏறவே இல்லை. கண்புரை இன்னும் முற்றவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து அழைத்தால் மணி அடித்தபடியே இருந்தது. மறுபடி அழைத்தாள். மூன்றாவது முறை எடுத்தவர் குரலில் பழைய வேகம் இல்லை.

“மெதுவாத்தான் ஏறுது மேடம். எனக்குத் தோல்விதான்.”

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கட்டுப் போட்டவர் ஏதோ தன் வீட்டு நல்ல சேதி போலக் கைதட்டினார்.

“ஆனாலும் ஒண்ணு உதைக்குது” என்றார் எதிர் மேசைக்காரர். “அந்தப் பக்கம் போனா ஒளி சுத்தமா மறையணுமே? மறையவே இல்லை. கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு.”

அவள் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள். சூரியனில் இந்த மாதிரி வெடிப்பெல்லாம் இடுப்பை ஒட்டித்தான் வரும். இடுப்பில் எழுந்த சுடர் என்றால் சுற்றும்போது அடியோடு மறைய வேண்டும்.

“சார், குள்ளன் நம்ம பக்கம் தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கறான் இல்லையா? வெடிப்பு உச்சந்தலைக்குப் பக்கத்துல இருந்தா?”

எதிர்முனையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம். “அப்ப மங்கும், ஆனா மறையாது!”

அம்மா கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டாள். “அவனைச் சுத்தி நம்ம பூமி மாதிரி ஏதாவது இருக்கா?”

“இருக்கலாம்மா. இருந்தா பெரும்பாலும் அவன் இடுப்புக்கு நேராத்தான் சுத்தும். வெடிப்பு மேல்பக்கமா போனா அதுங்க மேல அவ்வளவா படாது.”

“நல்ல வேளை” என்றாள் அம்மா, அங்கே யாரோ உறவுக்காரர் குடியிருப்பதைப் போல.

அடுத்து வந்த நாட்களில் இருவரும் பழைய பதிவைத் தோண்டி எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள், அதிலும் உச்சந்தலைதான். கட்டுரையில் இருவர் பெயரும் வந்தது. அவளுக்கு அடுத்த முறை கிடைத்த நேரத்தை அப்படியே அவருக்குக் கொடுத்துவிட்டாள். அவருடைய நட்சத்திரமும் குள்ளன் வேகத்தில்தான் சுற்றியது. ஆனால் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. சாயங்காலம் வரை நல்ல பிள்ளையாகச் சுற்றியதோடு சரி.

வருத்தப்படுவாரோ என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவரோ திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

“இவ்வளவு வேகமா சுத்தறவன், ஏன் இப்படிச் சும்மா இருக்கான்?”

அவள் தன் நாற்காலியை அவர் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.