அசார் மாதத்துத் தார்

அசார் மாதக் கடைசி. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. தார் போட இதைவிட நல்ல நேரம் வேறெங்காவது கிடைக்கலாம், எங்கள் மலையில் கிடைக்காது. அசாரோடு அரசாங்கத்தின் வருஷம் முடிகிறது. அதற்குள் செலவழியாத பணம் காட்மாண்டுவுக்கே திரும்பிப் போய்விடும். வெயில் காய்ந்த மாதமெல்லாம் பணம் மேசை மேசையாகத் தூங்கும். மழை இறங்கினால்தான் அதுவும் மலையேறி வரும். அதனால் எங்கள் பக்கத்தில் ரோடு என்பது காளானைப் போல மழைக்கு முளைக்கிற பொருள்.

சிமல்தாரி வார்டுத் தலைவர் லால்பீர் கலேக்கு இந்த வருஷம் முளைத்த ரோட்டில் தலைகால் புரியவில்லை. குளிர்காலத்தில் அவரை நகரத்து ஓட்டலுக்கு அழைத்து மலைச்சாலைகளின் தரத்தை உயர்த்துவது எப்படி என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். வேளாவேளைக்கு ஆட்டுக்கறி. திரும்பும்போது ஒரு தொப்பியும் கொடுத்தார்கள், அதில் ‘தரமே உயிர்’ என்று எழுதியிருந்தது. அன்று தலையில் ஏறிய தொப்பியை அவர் தூங்கும்போது மட்டும்தான் கழற்றினார்.

ஊர்க்காரர்கள் மட்டும் என்ன, லேசுப்பட்டவர்களா? ஆளாளுக்கு ரோடு தன் வாசல் வழியாகத்தான் போகவேண்டும் என்று நின்றார்கள். ஓட்டுப் போட்ட வாசல் ஒன்றையும் விடமுடியாமல் ரோடு குடித்தவன் நடையாக மலையில் ஏறியது. நூறு வருஷமாகக் கால்கள் ஏறி இறங்கிய கற்படிகளைப் புல்டோசர் ஒரே தள்ளாகப் பள்ளத்தில் தள்ளியது. இனி எதற்குப் படி என்றார் லால்பீர்.

வம்பு வாய்க்காலில் வந்தது. பொறியாளர் ஊர்மிளா ஷாஹி மேல்வளைவில் நின்று குடையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

“தலைவரே, தண்ணிக்கு ஒரு வழி விடலேன்னா அது ரோட்டையே வழியாக்கிக்கும். இங்க அடியில குழாய் பதிச்சு, உங்க ஏலத்தோட்டம் வழியா ஓடையில விடணும்.”

“ரோடு என் நெலத்துல வரட்டும் மேடம், நல்லா வரட்டும். வாய்க்காவுக்கு வேற எடமே இல்லையா? ஊர்த் தண்ணிக்கு என் தோட்டம்தான் கெடச்சுதா?”

“உங்க தொப்பியில என்ன எழுதியிருக்கு?”

“தொப்பியில ஏலக்கா வெளையுமா மேடம்?”

அவள் சிரிக்கவில்லை. “மழை என்கிட்டயும் கேட்டுட்டுப் பெய்யாது, உங்ககிட்டயும் கேக்காது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அந்த வளைவுக்கு வந்த குழாய்கள் லால்பீரின் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. கோழிகளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒன்று சொல்லிவிட வேண்டும், மனுஷன் கெட்டவர் இல்லை. முதல் பிரசவத்தின்போது மனைவி தில்குமாரியை மூங்கில் கூடையில் உட்காரவைத்து, கூடைப் பட்டையைத் தன் நெற்றியில் மாட்டி, அந்தக் கற்படிகளில் அவர்தான் சுமந்து இறங்கினார். குழந்தை பாதி வழியிலேயே போய்விட்டது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. இந்த ரோட்டு வெறி அன்றைக்குப் பிடித்ததுதான்.

இப்போது மகள் சிர்ஜனாவுக்கு நிறைமாதம். புருஷன் கத்தாரில், அவள் பிறந்த வீட்டில். சீக்கிரமே நகரத்தில் போய்த் தங்கிவிடச் சொல்லி ஊர் நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். லால்பீர் கேட்டால்தானே!

“என் ரோடு இருக்கும்போது எம்பொண்ணு எதுக்கு அடுத்தவன் வீட்டுல போய்க் கெடக்கணும்? வலி வந்தா ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்.”

தார் போட்ட மறுநாள் சிர்ஜனா சொன்னாள்: “பா, உன் ரோட்டுல நடந்தேன். செருப்பப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. ரொம்பப் பாசக்கார ரோடு.”

“புதுசு நானி. ஆறினா இறுகிடும்.” மகளை அவர் செல்லமாக நானி என்றுதான் கூப்பிடுவார்.

“இந்த மழையில ஆறுமா, ஊறுமா?”

“உங்கம்மா வாய் அப்படியே உனக்கு” என்று லால்பீர் நகர்ந்துவிட்டார்.

அசார் கடைசி நாளில் திறப்பு விழா. வாழைமரம், சாமந்தி மாலை, மேளம். மாகாண அமைச்சர் ஜீப்பில் குலுங்கி வந்து சேர்ந்தார். அவர் உட்கார லால்பீர் தன் வீட்டு சோபாவையே மேடைக்குக் கொண்டுவந்திருந்தார். போன தேர்தலில் லால்பீரிடம் தோற்றவரும், ஏலத்தோட்டத்துக்குக் கீழ் நிலத்துக்காரருமான ஜகத் ராணா முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து, என்ன குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ரோடு உங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளையும் சுமக்கும்!” என்றார் அமைச்சர்.

சொல்லி வாய் மூடவில்லை. மேல்வளைவுப் பக்கம் மலை ஒருமுறை கனைத்தது. எல்லோரும் ஓடிப் பார்த்தால், அங்கே ரோட்டைக் காணோம். மண் பள்ளத்தில் இறங்கிவிட்டது. தார் மட்டும் வேகாத ரொட்டி மாதிரி மடிந்து விளிம்பில் தொங்கியது. வாய்க்கால் வேண்டும் என்று ஊர்மிளா குடையை ஊன்றிய அதே இடம்.

அந்த நேரம் பார்த்து தில்குமாரி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

“அவளுக்கு வலி கண்டுடுச்சு! இங்க என்னய்யா வேடிக்க?”

ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். பாவம், அதுவும் வந்தது. உடைப்புக்கு அந்தப் பக்கம் நின்று ஊளையிட்டது. அதற்குள் சோபாவுக்குத் திரும்பியிருந்த அமைச்சர் பெருந்தன்மையாக, “என் ஜீப்பை எடுத்துக்கோங்க” என்றார்.

“எடுத்துட்டு எங்க போறது? பள்ளத்துக்கா?” என்று முன்னால் வந்தார் ஜகத். “நீங்க சோபாவ விட்டு எந்திரிங்க, அது போதும்.”

இரண்டு மூங்கில், நாலு கயிறு, ஆறேழு தோள். சிர்ஜனா சோபாவில் படுத்தாள். கற்படி இருந்தால் அதிலாவது இறங்கியிருக்கலாம், அதைத்தான் தலைவர் ஏற்கெனவே தள்ளிவிட்டாரே! முழங்கால்வரை சேறு. ஒவ்வொரு காலையும் தாரிலிருந்து பிய்த்துப் பிய்த்து எடுத்தார்கள். லால்பீர் தொப்பியைக் கழற்றி மகள் முகத்தில் மழை படாமல் பிடித்தார். பின்னால் அமைச்சர், ஒரு செருப்பை ரோட்டுக்குக் கொடுத்துவிட்டு, நொண்டியபடி வந்தார்.

“பா, உன் ரோடு மெத்துன்னு இருக்கு” என்று சிரிக்கப் பார்த்தாள் சிர்ஜனா. அடுத்த வலியில் அந்தச் சிரிப்பு அலறலாக மாறியது. அவர் கையை நகம் பதியப் பிடித்தாள். “பா, எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

பழைய கூடையின் கனம் அவர் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. “ஒண்ணும் ஆகாது நானி. தப்பு என்னுது. உனக்கு ஒண்ணும் ஆகாது” என்று அழுதுகொண்டே நடந்தார்.

எப்படியோ அக்கரை சேர்ந்தார்கள். தில்குமாரியும் நர்சும் ஏறியதும் ஆம்புலன்சில் இடமில்லை. கதவு மூடிக்கொண்டது. அமைச்சர் லால்பீரின் தோளைத் தட்டினார்.

“கவலைய விடுங்க. அடுத்த அசாருக்குள்ள திருப்பிப் போட்டுடலாம்.”

“அசார் வேணாம்!” லால்பீர் கத்திய கத்தலில், கூடவே வந்திருந்த மேளக்காரன் பயந்துபோய் ஒரு அடி அடித்துவிட்டான். “மங்சிர் மாசத்துல குடுங்க. மண்ணு காஞ்சிருக்கும்போது குடுங்க. இல்லேன்னா குடுக்கவே குடுக்காதீங்க.”

“மங்சிர்ல பணம் எங்க இருக்கும்?” என்றார் அமைச்சர். கேலி இல்லை, அந்த மனுஷனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

லால்பீர் நனைந்த தொப்பியை அவர் தலையில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கித் திரும்பினார்.

தண்ணீர் இன்னும் அரித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கே வழி விடாவிட்டால் மிச்ச ரோடும் போகும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே ஏலத்தோட்டத்துக்குப் போனார். காய்க்கிற செடிகளைத் தன் கையாலேயே சாய்த்து வெட்ட ஆரம்பித்தார். வாய்க்கால் தோட்டத்தின் எல்லையைத் தொட்டபோது, கீழே, ஓடைக்குப் போகும் வழியை மறித்த தன் வரப்பில் ஜகத் நின்றிருந்தார்.

“ஏ லால்பீர்! ஊர்த் தண்ணிக்கு என் தோட்டம்தான் கெடச்சுதா?”

லால்பீரின் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. சேற்றுக் கையால் எடுத்தார்.

“பொண்ணு பொறந்திருக்கு” என்றாள் தில்குமாரி. “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கேக்குதா? ஏய், கேக்குதாய்யா?”

கேட்டது. அப்படியே வாய்க்காலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஜகத் பதறி மேலே ஏறி வந்தார். “என்னய்யா? என்ன ஆச்சு?”

“பொண்ணு. நல்லா இருக்காங்களாம்.”

“அடச்சே, அதுக்கா அழுவுற?” ஜகத் மூச்சு வாங்கினார். “சரி, எப்ப கூட்டிட்டு வரப்போற?”

“எந்த வழியான்னு கேளு.”

இருவரும் உடைப்பைப் பார்த்தார்கள். மேலிருந்து வந்த தண்ணீர், லால்பீர் வெட்டிய வாய்க்காலில் புகுந்து, ஜகத்தின் வரப்பில் முட்டித் தேங்கி நின்றது. ஜகத் மண்வெட்டியை லால்பீர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கித் தன் வரப்பில் ஒரு வெட்டு வெட்டினார்.

“இந்த ஓரமாத்தான் போகணும். என் இஞ்சிப் பாத்தியத் தொட்டே, தெரியும் சேதி. அந்தக் குழாயெல்லாம் எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?”

“தொழுவத்துக்குப் பின்னால” என்றார் லால்பீர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பாத்துத் தூக்கணும். உள்ள கோழி அடைகாக்குது.”