கடல் பார்த்த வீடு

வளைவு வருவதற்கு முன்பே அவளுடைய கால் தரையை அழுத்தி மிதித்தது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் அந்த இடத்தில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. இது கணவனின் வண்டி. அங்கே ரப்பர் விரிப்புதான் கிடந்தது.

"காலை வச்சுக்கிட்டு சும்மா வர மாட்டியா? நான் ஒன்னும் உங்கிட்ட லைசென்ஸ் வாங்க வந்தவன் இல்ல."

"வந்திருந்தா இந்நேரம் இறக்கி விட்டிருப்பேன்."

பின்சீட்டில் மகள் இரண்டு காதிலும் எதையோ செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். இந்த மாதிரிப் பேச்சு தொடங்கும் நொடியை அவள் அப்பாவின் கழுத்து விறைப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

மலையும் கடலும் பார்த்துவிட்டு வரலாம் என்று கணவன் சொன்னபோதே அவளுக்கு உறுத்தியது. குளிர்பதனக் கிடங்கில் இன்ஜினியர். லீவு போடுவதென்றால் அவனுக்கு உயிர் போகிற மாதிரி. அப்படிப்பட்டவன் திடீரென்று ஹோட்டல், அருவி என்று பேசினான். அவளுக்கு லைசென்ஸ் பரீட்சைக்குத் தயாராக இருந்த மாணவிகள் இருந்தார்கள். அதில் ஒருத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும் பெண், இப்போதுதான் மூன்றாவது கியர் வரை வந்திருந்தாள். அவளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப மனசே இல்லை. இருந்தும் கிளம்பினாள். மறுத்தால், குடும்பத்தோடு நாலு நாள் இருக்கக்கூட உனக்குக் கசக்கிறதா என்று அதையே வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவான்.

மலை உச்சியில் கம்பி வேலி போட்ட இடத்தில் நிறுத்தினான். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை. எதிர்ப் பாறையிலிருந்து அருவி காற்றில் கலைந்து கலைந்து விழுந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் பட்டதும் அவளுக்கு நிஜமாகவே ஒரு நிமிடம் மனசு லேசானது. அதற்குள் அவன், "காத்தப் பாத்தியா? நம்ம ஊர்ல கிடைக்குமா இது?" என்றான். ராத்திரியோடு ராத்திரியாக அந்த மலையை அவனே குவித்து வைத்தது போல் ஒரு பெருமை.

"நீங்களா கொண்டாந்து வச்சீங்க?"

"நல்லதா ஒரு வார்த்த வராதே உன் வாயில. சரி, போட்டோவுக்காவது சிரி. பல்லு வலிக்கிற மாதிரி நிக்காத."

"வலிக்கத்தான் செய்யுது. பல்லு இல்ல."

போட்டோவில் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் மலையிறங்கிக் கடற்கரை நகரத்துக்குள் நுழைந்தார்கள். உப்புக் காற்று, துருப்பிடித்த பால்கனிகள், சந்துகளின் முடிவில் துண்டு துண்டாகத் தெரிந்த நீலம். அவள் கடலைப் பார்க்கவில்லை. அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத ஊரில் வண்டி ஓட்டுகிறவன் முச்சந்தியில் ஒரு நொடியாவது தயங்குவான். பலகையைப் படிக்க வேகத்தைக் குறைப்பான். இவன் அப்படி எதுவும் செய்யவில்லை. போன் பையில் கிடந்தது. மார்க்கெட் தெருவில் குழி தோண்டிப் போட்டிருந்ததை, அது கண்ணில் படுவதற்கு ஒரு திருப்பம் முன்பே தவிர்த்து வளைத்துக்கொண்டு போனான். தப்பாக நினைக்கிறோமோ என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து மகள், "அப்பா, இது இல்ல, அடுத்த லெஃப்ட்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"எத்தன தடவ வந்திருக்கீங்க?"

"வீட்டப் பாத்துட்டுப் பேசு" என்றான் அவன்.

மாடி வைத்த வீடு. எதிரே சாலை, அதைத் தாண்டி மணல், அப்புறம் கடல். வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்த வீட்டுக்காரம்மா வாயெல்லாம் பல்லாக வந்தாள். "வாங்க சார், ஒரு வழியா வீட்டம்மாவக் கூட்டிட்டு வந்துட்டீங்களே! பாப்பா கேட்ட கலரே அடிச்சாச்சு, மாடிக்குப் போய்ப் பாருங்க."

பாப்பா. பள்ளியில் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள் என்று போன மாதம் பை நிறையத் துணி எடுத்துக்கொண்டு போனவள். அந்தத் துணிகளையெல்லாம் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தது இவள்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனை. காலிக் கூடத்தில் பேச்சு சுவரில் மோதித் திரும்பி வந்தது. துறைமுகத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் மீன் கிடங்குக்குத் தன்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் சேர வேண்டும், இது தானே கேட்டு வாங்கியது, குடியிருக்க இந்த வீட்டையும் பேசி முடித்தாயிற்று. எல்லாவற்றையும் ஜன்னலைப் பார்த்தே சொன்னான்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துக்குவியா? எதச் சொன்னாலும் உங்கிட்ட சண்டதான்."

"என் ஸ்கூல்?"

"ரெண்டு ஓட்ட வண்டிய வச்சுக்கிட்டு, அதுக்குப் பேரு ஸ்கூலா? இங்கயும் ரோடு இருக்குல்ல, ஓட்டு."

வீட்டுக்காரம்மா சமையலறைக்குள் போய், ஒழுகாத குழாயை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

இவளுக்குக் கத்தத்தான் வந்தது. ஆனால் வெளியே வந்த குரல் வகுப்பில் பேசும் குரல் போல இருந்தது. "நீ இங்கயே இரு" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சண்டை. ஒன்றில்கூட அவனை அவள் 'நீ' என்று சொன்னதில்லை. அவன் முகம் கறுத்தது. பாதி மாடிப்படியில் நின்றிருந்த மகள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவத் திட்டாத. நான்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்."

"ஏன்?"

"உன் கிளாசுக்கு வர்றவங்க வண்டிய செவுத்துல கொண்டு போய் இடிச்சாக்கூட, 'பரவால்லம்மா, திரும்ப எடு'ன்னு சொல்ற. நம்ம வாசல்ல நீ சொல்லித் தர்றத ஜன்னல்ல உக்காந்து கேட்டுக்கிட்டேதான் வளந்தேன். எங்ககிட்ட ஒரு தடவ அப்படிச் சொல்லியிருக்கியாம்மா?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். "எங்க போற? ஊர் தெரியாது உனக்கு!" என்று அவன் கத்துவது தெரு முனைவரை கேட்டது.

கடலை ஒட்டியே நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் வந்தது. மகள்தான். அம்மா நின்றால் அதுவும் நின்றது, நடந்தால் நடந்தது. கூப்பிடவும் இல்லை, நெருங்கவும் இல்லை. இந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலவும், இவள் திரும்பிப் போய்விடக் கூடாது என்றும் ஒரே சமயத்தில் தோன்றியது.

நடந்து நடந்து படகுத்துறை வந்துவிட்டது. கல் மேடை முழுக்கப் பாசியும் ஈரமும். கரையில் வேறு யாரும் இல்லை. ஒரு மீன்படகு இன்ஜினை அணைத்துவிட்டு அலையில் பக்கவாட்டாகத் தள்ளாடிக்கொண்டே நெருங்கியது. படகில் தனியாக நின்ற ஆள் கயிற்றைச் சுழற்றி வீசினான். அது தண்ணீரில் விழுந்தது. இழுத்து, இன்னொரு முறை வீசினான். இந்தத் தடவை அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே, கல்லின்மேல் சொத்தென்று விழுந்தது.

"அதப் புடிங்கம்மா! யாராச்சும் புடிங்க!"

மகள்தான் குனிந்தாள். அவள் கைக்கு அடங்காத கனம். எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சட்டை முழுக்கச் சேறு. படகு அலையோடு பின்வாங்க, கயிறு விறைத்தது. அவள் ஒரு அடி முன்னால் போனாள். இன்னொரு அடி. தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கோபத்தில் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிய கைகளை இன்னும் பிரிக்கவில்லை.