மூன்று நாள் பிந்திய குரல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி உருளை ஓட்டிய வெண்கலம், கூட்டத்துக்கு முன்னால் எழுந்து நின்று எதைப் பேசினாலும் அது சரியாக மூன்று நாள் கழித்துத்தான் காதில் விழும். நின்ற அதே இடத்தில், அதே நேரத்தில், நிமிஷம் பிசகாமல் விழும். வீட்டிலும் தெருவிலும் அவர் பேச்சு எல்லோர் பேச்சையும் போல உடனுக்குடன் கேட்டது. நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசுங்க என்று சொன்னால்தான் இந்தத் தாமதம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாக இருக்கிறது, வெந்நீர் குடியுங்கள் என்றார்.

வெண்கலம் என்பது அவர் தொண்டைக்கு வைத்த பட்டம். சலவைக்கூடத்தில் எட்டு இயந்திரங்களும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. ஆகவே அங்கே கையால்தான் பேசிக்கொள்வார்கள். காதைத் தொட்டால் டீ வந்துவிட்டது, கழுத்தைத் தொட்டால் மேனேஜர் வருகிறார், உள்ளங்கையைக் கவிழ்த்தால் உருளையை நிறுத்து. அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வாயால் பேசக்கூடிய ஒரே ஆள் அவர். தொழிலாளர் பிரதிநிதியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மறுபேச்சில்லாமல் எல்லோரும் அவரைக் கைகாட்டினார்கள். இரைச்சலில் பேசுகிற மனுஷன் அமைதியில் பேசுவாரா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு தப்பைச் சலவைக்கூடத்து ஆட்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

உருளைக்கு முன்னால் நின்று ஈர விரிப்புகளைப் பிடித்து உள்ளே கொடுப்பவரை விரிப்பக்கா என்பார்கள். வெண்கலத்தைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். உருளையின் வாயில், விரல் உள்ளே போகாமல் தடுக்க ஒரு கம்பி உண்டு. விரிப்பின் ஓரம் அதில் சிக்கிச் சிக்கி உயிரை வாங்கும். அதனால் துணி குவிந்த நாட்களில் வெண்கலம் ஸ்பேனரை எடுத்து அதைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மாட்டிவிடுவார். மேனேஜருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கும் அவருக்குத் தெரியும். அப்படிக் கழற்றியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, உருளை அக்காவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. நிறுத்து என்று காட்ட வேண்டிய கைதான் உள்ளே இருந்தது.

சாப்பாட்டு அறையில் விசாரணை நடந்தது. கம்பியை அந்தம்மாவே கழற்றிவிட்டார் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருந்தார். பிரதிநிதி சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்டபோது மணி பதினொன்றேகால். வெண்கலம் எழுந்தார். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தார், அதில் சந்தேகமே வேண்டாம். வாய் திறந்தது, உதடு அசைந்தது, நாக்கு புரண்டது. சத்தம் மட்டும் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், மறுபடியும் ஒன்றுமில்லை. பிரதிநிதி எதுவும் சொல்ல விரும்பவில்லை என்று எழுதி அதிகாரி பேனாவை மூடினார். அக்காவுக்கு வேலையும் போயிற்று, நஷ்டஈடும் போயிற்று. கட்டுப்போட்ட கையோடு அவர் வெண்கலத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் பதினொன்றேகாலுக்கு, காலியாகக் கிடந்த சாப்பாட்டு அறையில் வெண்கலத்தின் குரல் பேசியது. கம்பியைக் கழற்றியது நான்தான், மேனேஜருக்கும் தெரியும், அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஜன்னல் அதிரச் சொன்னது. மேஜை துடைக்கிறவர் கேட்டுவிட்டு வந்து, உங்க பேச்சு இப்பத்தான் வந்தது, நன்றாகத்தான் பேசினீர்கள் என்று அவர் காதோடு வாய்வைத்துக் கத்திவிட்டுத் துணியைப் பிழியப் போனார். வெண்கலம் உருளையை நிறுத்திவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். அங்கே கூட்டமில்லை, நாற்காலி வரிசை இல்லை, மேனேஜர் மட்டும்தான். சாதாரணமாகச் சொன்னாலே உடனே கேட்டிருக்கும். கதவுவரை போனார். கோப்பை மூடியிருப்பார்கள், தன் வேலையும் போகும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார். குரல் பிந்தியது அவர் குற்றமில்லை. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் வாயைத் திறக்காதது அவர் குற்றம். மற்றவர்கள் அவருடைய தொண்டைக்காகப் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபம் அவரை முள்ளாகக் குத்தியது.

பேசக் கற்றுக்கொண்டுவிட்டால் பேசாமல் இருந்ததும் சரியாகிவிடும் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. தையல்கடை மாடியில் மேடைப்பேச்சு வகுப்பு எட்டு வாரம் நடந்தது, சேர்ந்தார். கடைசி வரிசைத் தலைகளுக்கு மேலே பார், வயிற்றிலிருந்து மூச்சை இழு, கையைப் பையில் விடாதே, முக்கியமான இடத்தில் கொஞ்சம் நிறுத்து. எல்லாவற்றையும் பழகினார். நிற்கிற நிலையும் கையசைப்பும் வகுப்பிலேயே முதல்தரம், சத்தம்தான் இல்லை. சனிக்கிழமை அவர் பேசியது செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று அதே அறையில் தட்டச்சு வகுப்பு நடப்பதால், பிள்ளைகள் அதை சொல்வதெழுதுதல் என்று நினைத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள்களைப் படித்துப் பார்த்த பேச்சாசிரியர்தான் வழி சொன்னார். இது குறை இல்லை, நேரக் கணக்கு. மூன்று நாள் முன்னாலேயே போய் அதே இடத்தில் பேசிவிட்டு வந்துவிடுங்கள், அன்றைக்கு உதட்டை மட்டும் அசையுங்கள்.

அப்புறம் வெண்கலத்துக்கு ஏறுமுகம்தான். காலி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டால் போதும், தொண்டை அதையே கூட்டம் என்று நம்பிவிடும். மண்டபத்துக் காவலாளிகள் மூன்று நாள் முன்பே சாவியைக் கொடுத்தார்கள். கல்யாணம், திறப்புவிழா, பிரிவுபசாரம் எதுவானாலும் அவர் பேச்சு இல்லாமல் நடப்பதில்லை. முன்கூட்டியே யோசித்துப் பேசியதால் ஒரு வார்த்தைகூட வீணாக வராது. ஊரே மெச்சியது. அவர் மனைவி மட்டும், வீட்டில் பேசுவதையும் மூன்று நாள் தள்ளிவைத்தால் நிம்மதியாக இருக்கும் என்பாள். சிரிப்பார். ஆனால் கைதட்டல் கேட்கும்போதெல்லாம், அக்கா வீட்டுத் தெருவைத் தவிர்ப்பதற்காக இரண்டு தெரு சுற்றி நடப்பது ஞாபகம் வந்து காது சிவந்துவிடும்.

ஆறு வருஷம் ஓடிற்று. மேனேஜர் ஓய்வு பெற்றார். ஆஸ்பத்திரி ஹாலில் திங்கட்கிழமை நாலரைக்கு விழா. வெண்கலம் வெள்ளிக்கிழமையே போய், காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். திங்கட்கிழமை மேடையேறி உதட்டை அசைத்தார், குரல் கணீரென்று வந்தது. "ஐயா காலத்துல ஒருத்தர் விரல்லகூட ஒரு கீறல் விழுந்ததில்ல" என்று அது சொன்னபோது, நாலாவது வரிசையில் விரிப்பக்கா உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். அக்காவின் மகள் அந்த மாதம்தான் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், துணைக்கு வந்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மரியாதைக்கு அக்காவும் தட்டினார், ஐந்து விரலும் மூன்று விரலுமாக. வெண்கலத்தின் உதடு தடம் மாறிப்போயிற்று. புகழ்ச்சி பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்க, வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அது வியாழக்கிழமை நாலரைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். அன்று ஹால் காலி. சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. சும்மா இருப்பதில் அவருக்கு ஆறு வருஷப் பழக்கம் வேறு.

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சும்மாதான் இருந்தார். புதன்கிழமை மாலை, சுற்றிப்போகாமல் நேராக அந்தத் தெருவில் நடந்து அக்கா வீட்டு வாசலில் நின்றார். சட்டையை முழங்காலில் அழுத்திக்கொண்டு இடது கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார் அக்கா.

"நாளைக்கு நாலரைக்கு ஹாலுக்கு வாங்கக்கா. என் குரல் ஒண்ணு சொல்லும்."

"கம்பியைக் கழட்டுனது நீதான்னு சொல்லும். அதானே?" அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விசாரணை முடிஞ்ச மூணாம் நாளு யூனிஃபாரத்தைத் திருப்பிக் குடுக்க வந்தேன். சாப்பாட்டு ரூம் வாசல்ல நின்னு முழுசாக் கேட்டேன். மேனேஜர்கிட்டப் போய்ச் சொன்னேன். குரல் சொன்னா போதாது, ஆளு வந்து கையெழுத்துப் போடணும்னார். நீ வருவேன்னு பார்த்துட்டே இருந்தேன் தம்பி."

திட்டியிருந்தால் தேவலை. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று வெண்கலத்துக்கு இருந்தது. அது பிளக்கவில்லை. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த பட்டனை எடுத்தார்.

வியாழக்கிழமை காலை வெண்கலம் புது மேனேஜரிடமும், வேலை மாறுகிற இரண்டு ஷிப்டு ஆட்களிடமும் தானே போய், ஹாலுக்கு வந்து தன் குரலைக் கேட்கும்படி சொன்னார். நாலரைக்கு ஹால் நிரம்பியிருந்தது. அக்காவும் மகளும் முன்வரிசையில் இருந்தார்கள். குரல் எல்லாவற்றையும் சொல்லிற்று. கம்பியை, ஸ்பேனரை, ஆபீஸ் கதவுவரை போய்த் திரும்பியதை, தான் ஒரு பயந்தாங்கொள்ளி என்பதையும் சேர்த்து. முடிந்ததும் வெண்கலம் எல்லோர் முன்னிலையிலும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய கோப்பைத் திறப்பதாகப் புது மேனேஜர் ஒப்புக்கொண்டார்.

பிறகு அவர் அக்காவைப் பார்த்துத் திரும்பி நின்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். வழக்கம் போல ஒன்றும் வரவில்லை. கையால் சொல்லலாம் என்றால் அதற்கு ஒரு சைகை இல்லை. சலவைக்கூடத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கண்ணீர் ஒழுக, சத்தமில்லாமல், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. காவலாளி கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நாலு ஐம்பத்திரண்டு என்று குறித்துக்கொண்டார்.

"போதும், உக்காரு தம்பி," என்றார் அக்கா. "ஞாயித்துக்கிழமை வந்து கேட்டுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்குக் காவலாளி ஹாலைத் திறந்து, மேடைக்கு எதிரே அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டார். வாசலில் தயங்கி நிற்கிற ஆளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இன்னொன்றும் போடச் சொன்னார் அக்கா.